இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு எழுந்து நடக்க

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுந்து நிற்கச் சொன்னால் பயப்படாதீர்கள், படுத்தே கிடந்தால்தான் தசை கரையும், சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். அடிபட்ட காலில் எவ்வளவு எடை போடலாம் என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அது ஆளுக்கு ஆள் மாறும்.

படுத்தபடியே தொடங்கலாம். பாதத்தை மேலும் கீழும் 10 தடவை அசையுங்கள். அப்புறம் முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி, 5 விநாடி கழித்து விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் அந்தச் சிக்கலே இல்லை.

என்னைக் கேட்டால் இதில் பெரிய பயிற்சி நாற்காலியிலிருந்து எழுவதுதான், ஏனென்றால் கழிப்பறைக்குத் தனியாகப் போவதே அதை நம்பித்தான் இருக்கிறது: சுவரோடு ஒட்டிப் போட்ட, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் விளிம்புக்கு நகர்ந்து, கைப்பிடியை ஊன்றி எழுந்து, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழ வேண்டாம், கவிழ்ந்துவிடும். 5 முறையில் தொடங்குங்கள். மூட்டு மாற்றியிருந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தாழ்வான இருக்கையும் கால்மேல் கால் போடுவதும் கூடாது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

லேசாக வலிக்கத்தான் செய்யும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.