சிறுநீரகம் மாற்றிய வீட்டில் சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

என்னுடைய இடது சிறுநீரகம் நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்காரரின் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அவர் விருதுநகரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடன் வாங்கிய ஆள் திருப்பித் தராவிட்டால் அவர் மறந்துவிடுவார். நான் மறக்க மாட்டேன். கொடுத்த பொருள் எப்படி இருக்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதிவருகிறேன். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது கிருமித் தொற்றைப் பற்றித்தான் எல்லோரும் சொன்னார்கள். கொதிக்கவைத்த தண்ணீர், முகக்கவசம், பச்சைக் காய் வேண்டாம் என்று ஒரு பட்டியல். சர்க்கரையைப் பற்றி அந்தத் தாளின் கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 94, 97 என்று வரும். எங்களுக்கும் நிம்மதி.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, வீட்டுக்காரரின் அப்பாவான மாமாவுக்குச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், "எனக்கும் பார்" என்று விளையாட்டாக விரலை நீட்டினார். புது ஊசி மாற்றிப் பார்த்தேன். மாமாவுக்கு 162, இவருக்கு 221. பேரீச்சம்பழம் தின்ற கையோ என்று சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தேன். 217.

நான் கற்ற முதல் பாடம் இதுதான்: காலைச் சர்க்கரையை மட்டும் நம்பாதீர்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை மதியத்துக்கு மேல்தான் வேலையைக் காட்டும். இரவில் அதன் வேகம் அடங்கி, விடியும்போது ஒன்றும் நடக்காததுபோல் ரத்தம் நல்ல பிள்ளையாக இருக்கும். ஆகவே மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மாலை நான்கு ஐந்து மணிக்கும் பாருங்கள். ஆய்வகத்தில் முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு முதல் ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு அளவைக் கூட்டினாலோ மாத்திரையை மாற்றினாலோ மறுபடியும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, அது இந்தத் தொடக்க மாதங்களில் ஏமாற்றும். ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, புதிதாக ஊறும் சிவப்பணுக்கள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

எண்கள் எல்லோருக்கும் உள்ளவைதான். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126 தொட்டால் சர்க்கரை நோய். குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200 தொட்டால் நோய். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரை அளவு குறைந்து ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், ஏறக்குறைய 45 நாள் கழித்து, மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைப்பார்கள்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் எதில் கைவைக்கலாம், எதில் கூடாது என்று புரியும். ஸ்டீராய்டோடு சேர்த்து இவர் விழுங்கும் டாக்ரோலிமஸ், 1984 இல் ஜப்பானில் த்சுகுபா மலைப்பக்க மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. மண்ணிலிருந்து வந்தது மாற்றுறுப்பைக் காக்கிறது. ஆனால் கணையம் இன்சுலின் சுரப்பதைக் கொஞ்சம் அமுக்குகிறது. ஸ்டீராய்டு, சுரந்த இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. மூன்றாவது காரணம் எனக்கே வியப்பாக இருந்தது. உடம்பில் உள்ள இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. பழுதான சிறுநீரகம் அதைச் செய்யாததால் டயாலிசிஸ் காலத்தில் இன்சுலின் கூடுதல் நேரம் தங்கியிருந்தது. என் சிறுநீரகம் போனதும் சுறுசுறுப்பாக வெளியேற்றத் தொடங்கிவிட்டது. இதற்கு மேல் பரம்பரை, வயது, எடை. மாமாவை வைத்தே நாங்கள் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இந்தக் காரணங்களைக் கேட்டதும் சிலர் மாத்திரையைத் தாமாகக் குறைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. சர்க்கரை வந்தால் சமாளிக்கலாம். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிட்டால் மறுபடி டயாலிசிஸ்தான். தள்ளுவதை அடக்க ஊசியில் ஸ்டீராய்டைக் கொட்டுவார்கள், சர்க்கரை அப்போது இன்னும் ஏறும். எண்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் பாடு.

நம் கையில் இருப்பது அடுப்படி. டயாலிசிஸ் காலத்தில் இளநீர் கிடையாது, தக்காளி கிடையாது, தண்ணீரும் அளந்துதான். மாற்று முடிந்ததும் ஸ்டீராய்டு தரும் அகோரப் பசி. "மூன்று லிட்டர் குடியுங்கள்" என்ற அனுமதி வேறு. இவர் அந்த மூன்று லிட்டரில் பாதியைப் பழச்சாறாகக் குடித்தார். பத்து வாரத்தில் 57 கிலோ 64 ஆனது. நான் செய்த முதல் வேலை சாற்றை நிறுத்தியது. குடிப்பது தண்ணீர், தின்பது பழம்; பழமும் ஒரு கொய்யா அல்லது பாதி ஆப்பிள், அவ்வளவுதான். சோறு நான்கு கரண்டியிலிருந்து இரண்டானது. தட்டில் முதலில் பொரியலும் நன்றாக வெந்த முட்டையோ பயறோ வரும். அதை முடித்தால்தான் சோறு. கருப்பட்டி நல்லது என்று அத்தை வாதாடினார். கருப்பட்டியும் சர்க்கரைதான். கேழ்வரகும் அப்படியே, நீர்க்கக் கரைத்த கூழ் சரசரவென்று ஏற்றிவிடும். எங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவை முழுக்க நிறுத்தினால் மனிதர் வீட்டை விட்டே போய்விடுவார் என்று, மாதம் ஒன்று, அதுவும் வீட்டில் சுட்டது என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். எந்த உணவையும் கூட்டும் முன் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ரோலிமஸ் அதையும் ஏற்றும். மக்னீசியத்தையோ அது இறக்கும். மக்னீசியம் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

நடை: சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம், மாலையில் அரை மணி நேரம். தையல் ஆறும்வரை எடை தூக்கக் கூடாது, அரிசி மூட்டைப் பக்கமே போகவிடவில்லை.

வெளியிலிருந்து வரும் பொருள்களில்தான் மிகவும் கவனம் வேண்டும். வாயில் வெள்ளை படர்ந்ததற்கு அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவர் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதிக்கொடுத்தார். நான் மாற்று செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் என்று சொல்லி, டாக்ரோலிமஸைக் குறைத்து, லெவலும் பார்த்தார்கள். நாத்தனார் ஆசையாகக் கொண்டுவந்த பம்பளிமாஸ் பழமும் அதே வேலையைச் செய்யும். பழத்தை மாமாவுக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். சர்க்கரைக்கு என்று யாரோ தந்த சிறுகுறிஞ்சான் பொடியைத் தூக்கிப் போட்டேன். அது நல்ல மூலிகையாகவே இருக்கட்டும். மாற்றுச் சிறுநீரகத்தோடும் இத்தனை மாத்திரைகளோடும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று தந்தவரால் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்கும் மேல் ஏறினால் இன்சுலின் போடச் சொல்வார்கள். அழ வேண்டாம். இவருக்கு எட்டு வாரம் காலையில் போட்டோம். ஸ்டீராய்டு 20 மில்லிகிராமிலிருந்து 5க்கு இறங்கிய பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஸ்டீராய்டைக் குறைக்கும் நாளிலேயே இன்சுலினையும் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு வாரத்தில், இரவு ஒன்பது மணிக்குக் கைநடுங்கி வியர்த்து 58 வரை இறங்கிவிட்டது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்து நானே புகட்டினேன், நான்! இப்போது மாலையில் 140, 150. வெறும் வயிற்றில் சில நாள் 104 வருகிறது. எச்சரிக்கைக் கோட்டில்தான் நிற்கிறார்.

கொடுத்தவரும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், சர்க்கரை பார்க்க வேண்டும். நான் இரண்டு ஆண்டு பார்க்கவில்லை. சென்ற தை மாதம் என் நோட்டைத் திறந்தபோது, கடைக் கணக்கு எழுதும் அவருடைய கோணல் எழுத்தில் ஒரு தேதியும், "உனக்கு, வெறும் வயிறு" என்ற குறிப்பும் இருந்தன.