கேளிக்கைப் பூங்காவில் ஒவ்வாமையுள்ள குழந்தை: டர்பன் விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் பள்ளிகள் மூடியதும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் என்3 நெடுஞ்சாலையில் டர்பனை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. அங்கே சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உறவினர் வீட்டில் தங்கி, ஒரு முழு நாளை உஷாகா மரைன் வேர்ல்டு என்னும் கடலோரக் கேளிக்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்குவார்கள். அந்தக் கூட்டத்தில் முட்டையோ பாலோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தால், பயணத்தைத் திட்டமிடும் விதமே மாற வேண்டியிருக்கிறது. கேப் டவுனில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினருக்கு உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்டது. முட்டை முதலிடத்திலும் வேர்க்கடலை அடுத்த இடத்திலும் இருந்தன. நாற்பது குழந்தைகளில் ஒன்று என்பது நம் உறவு வட்டத்துக்குள்ளேயே வந்துவிடக்கூடிய கணக்கு.

பூங்காவின் உணவகத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். உணவகத்தை விடவும், குழந்தை கைக்குக் கை மாறும் அந்த இடைவெளிகளையே நான் அதிகம் அஞ்சுகிறேன். வீட்டில் குழந்தைக்கு ஊட்டுபவர் ஒருவர் அல்லது இருவர். பூங்காவிலோ தாத்தா, ஆயா (பாட்டி), பெரியம்மா, அத்தை, மாமா, அவர்களுடைய பிள்ளைகள் என்று பத்துப் பேர் உடன் இருக்கிறார்கள். அம்மா நீர்ச்சறுக்கு வரிசையில் நிற்கும்போது அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று அவர் நினைக்கிறார். அப்பாவோ குழந்தை ஆயாவிடம் இருப்பதாக நினைத்து நுழைவுச்சீட்டு வாங்கப் போயிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் மகன் தன் சிப்ஸ் பொட்டலத்தைத் தம்பியிடம் அன்போடு நீட்டுவதற்கு அந்த ஐந்து நிமிடம் போதும். ஆகவே எந்த நேரத்திலும் ஒருவர் மட்டுமே பொறுப்பாளர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். மருந்துப் பை அவருடைய தோளில்தான் தொங்க வேண்டும்; பொறுப்பு மாறும்போது, 'இனி நீங்கள்தான் பார்க்கிறீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பை யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் குழந்தையின் வாயில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்ற ஒரே விதி, நீண்ட அறிவுரைகளை விட நன்றாக வேலை செய்யும்.

பெரியவர்களிடம் இதைச் சொல்லத் தயங்குவது அடுத்த தவறு. பாதாம் தூவிய பர்ஃபியையும் நெய் மணக்கும் சோஜியையும் பேரப்பிள்ளைக்கென்றே செய்து வைத்திருக்கும் ஆயாவிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. அது அவருடைய அன்பையே மறுப்பது போலத் தோன்றும். 'ஒரு வாய்தானே, அதனால் என்ன ஆகிவிடும்' என்ற கேள்வியும் நிச்சயம் வரும். ஒரு வாய் அளவு கூடச் சில குழந்தைகளுக்குக் கடுமையான எதிர்வினையை உண்டாக்கும் என்பதையும், சென்ற முறை வெறும் தடிப்போடு முடிந்தது என்பதால் இந்த முறையும் அப்படியே முடியும் என்று சொல்ல முடியாது என்பதையும், பூங்காவுக்குப் போகும் காலையில் அல்லாமல் முதல் நாள் இரவே பொறுமையாக உட்கார்ந்து விளக்குங்கள். குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லி, அதை ஆயாவின் கையாலேயே சமைக்கச் செய்தால் அவருக்கும் மனம் நிறையும். புதிய உணவு எதையும் முதன்முதலாகக் கொடுத்துப் பார்ப்பதற்கு விடுமுறை ஏற்ற காலம் அன்று.

உணவுக் கடையில் கேட்கும் முறையிலும் தவறு நேர்கிறது. 'இதில் முட்டை இருக்கிறதா?' என்று கேட்டால், நீண்ட வரிசையைச் சமாளித்துக்கொண்டிருக்கும் இளைஞர் 'இல்லை' என்றுதான் சொல்வார். உருளைக்கிழங்கில் முட்டை இல்லை என்பது உண்மையும்கூட. ஆனால் சற்று நின்று கவனித்தால், மாவில் தோய்த்த ஹேக் மீனும் இறாலும் பொரிந்த அதே எண்ணெயில்தான் உருளைக்கிழங்குச் சிப்ஸும் இறங்குவதைப் பல இடங்களில் காணலாம். ஒவ்வாமையைத் தூண்டும் மீனின் புரதமும், மாவில் சேர்த்த முட்டை, பால், கோதுமை ஆகியவற்றின் புரதமும் கொதிக்கும் எண்ணெயில் அழிந்துபோவதில்லை. அவை சிப்ஸில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஐஸ்கிரீம் கடையில் ஒரே கரண்டி ஒரு கிண்ணத் தண்ணீரில் முக்கப்பட்டு வேர்க்கடலை ஐஸ்கிரீமிலிருந்து வெனிலாவுக்குப் போகிறது. பாம்பே கிரஷ் என்னும் பால் பானம் விற்கும் கடையில் எல்லாக் கோப்பைக்கும் ஒரே கலக்கிதான். எனவே 'இந்த எண்ணெயில் வேறு என்னென்ன பொரிக்கிறீர்கள்? மாவுப் பொட்டலத்தைக் காட்ட முடியுமா? புதிய கரண்டி எடுப்பீர்களா?' என்று செயலைக் குறித்துக் கேளுங்கள். கூட்டம் பெருகும் பகல் ஒரு மணிக்குக் கேட்பதை விடப் பதினொன்றரைக்கே போய்ப் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசினால் நிதானமான பதில் கிடைக்கும். குழந்தைக்கு ஆகாத பொருள்களை ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் எழுதிய சிறு அட்டை ஒன்றைச் சமையலறைக்கே கொடுத்தனுப்புவது நல்லது. பதில் தயக்கத்தோடு வந்தால் அங்கே வாங்க வேண்டாம். ஒரு தட்டுச் சிப்ஸுக்காகப் பணயம் வைக்கத் தக்கது எதுவும் அங்கே இல்லை.

பொட்டலங்களைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல். தென்னாப்பிரிக்காவின் 2010-ஆம் ஆண்டு ஆர்146 என்னும் உணவுப் பொட்டலக் குறிப்பு விதிகளின்படி முட்டை, பசும்பால், மீன், இறால் போன்ற ஓட்டுடலிகளும் சிப்பி போன்ற மெல்லுடலிகளும், வேர்க்கடலை, சோயா, பாதாம், முந்திரி போன்ற மரக்கொட்டைகள், கோதுமை போன்ற தானியங்கள் ஆகியவற்றைப் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாத குழந்தையின் பெற்றோர் ஒவ்வாமைக் குறிப்பு வரியோடு நின்றுவிடாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். 'மசாலா' என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுவதே மேல்.

வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. வெளியுணவுக்குப் பூங்காவில் தடை இருக்கலாம் என்பதால், மருத்துவக் காரணத்தைச் சொல்லி முன்னதாகவே அனுமதி கேட்டு, மருத்துவரின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைச்சுத்தத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. கிருமிநாசினி ஜெல் கிருமிகளைக் கொல்லலாம். வேர்க்கடலைப் புரதத்தை அது அகற்றுவதில்லை. சோப்பும் தண்ணீரும் அல்லது ஈரத்துடைப்பான்களும்தான் அகற்றும். இரண்டு வயதுக் குழந்தை தொட்டதையெல்லாம் வாயில் வைக்கும். ஆகவே சாப்பாட்டு மேசை, உயர நாற்காலி, வாடகைத் தள்ளுவண்டியின் கைப்பிடி ஆகியவற்றை உட்காருவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

மருந்தை வைக்கும் இடம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீர்ச்சறுக்குகளுக்குப் போகும்போது பைகளையெல்லாம் பாதுகாப்புப் பெட்டகத்தில் பூட்டிவிடுவது இயல்பு. கடும் ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய ஊசிமருந்தான அட்ரினலினும் அதோடு பூட்டப்பட்டுவிடுகிறது. மருந்து தேவைப்படும் நேரத்தில் சாவி நீர்ச்சறுக்கின் உச்சியில் நிற்பவரின் மணிக்கட்டில் இருக்கும். காரில் விட்டு வருவது இன்னும் மோசம்: டர்பனின் கோடை வெயிலில் மூடிய காரின் வெப்பம் மருந்தைக் கெடுத்துவிடும். குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியோடு வைப்பதும் தவறுதான். அட்ரினலினை வைக்க வேண்டியது அறை வெப்பத்தில், ஏறத்தாழ 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரை. நீர்புகாத பையில் போட்டு, நிழலில், பொறுப்பாளரின் உடலோடு வைத்திருங்கள். அளவு முன்பே நிரப்பப்பட்ட தானியங்கி ஊசிக்குப் பதிலாக ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி மருந்து) சிரிஞ்சும் மருத்துவர் தந்திருந்தால், அளவை அவரிடமே எழுதி வாங்கி, சிரிஞ்சில் அந்தக் கோட்டை அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 0.12 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உள்ள கரைசலில் 0.12 மில்லிலிட்டர். இவ்வளவு சிறிய அளவைப் பதற்றத்தில் கை நடுங்க அளப்பது கடினம் என்பதால், வெறும் தண்ணீரை வைத்து வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

அறிகுறிகளைப் பூங்காவின் கணக்கில் எழுதிவிடுவதே மிக ஆபத்தான தவறு. தடிப்பு எழும்பினால் வெயில் என்றும், இருமினால் குளத்துத் தண்ணீர் குடித்துவிட்டான் என்றும், வாந்தி எடுத்தால் சுழல் ராட்டினம் என்றும் யாராவது ஒருவர் காரணம் சொல்வார். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் ஓயாமல் அழுது, நாக்கைத் தேய்த்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று தள்ளுவண்டியில் துவண்டு அமைதியாகிவிடும். 'களைத்துத் தூங்கிவிட்டாள்' என்று சொல்லி மேலே துண்டைப் போர்த்துவார்கள். பேசத் தெரியாத குழந்தையிடம் இந்தத் துவளல் இரத்த அழுத்தம் வீழ்வதன் அடையாளமாக இருக்கலாம். துண்டை விலக்கி முகத்தையும் உதட்டையும் பாருங்கள், எழுப்புங்கள், குரல் கரகரக்கிறதா, மூச்சு விசிலடிக்கிறதா என்று கேளுங்கள்.

மூச்சுத் திணறலோ துவளலோ, தடிப்போடு சேர்ந்த தொடர் வாந்தியோ இருந்தால் முதல் மருந்து அட்ரினலின். ஒவ்வாமை சிரப்பைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. காலை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறமாகத் தசையில் ஊசியைப் போட வேண்டும். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள். இருந்த இடத்திலேயே படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் மடியில் கால் நீட்டி உட்காரவைக்கலாம். ஆம்புலன்ஸுக்குக் கைப்பேசியிலிருந்து 112 அல்லது 10177-ஐ அழைத்து, பூங்காவின் முதலுதவிப் பணியாளரையும் வரவழையுங்கள். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். அதனால் எப்போதும் இரண்டு கையிருப்பில் இருக்க வேண்டும். உஷாகாவுக்கு அருகில் சவுத் பீச்சில் ஆடிங்டன் மருத்துவமனை இருக்கிறது.

ஊசி போட்டதும் குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து மீண்டும் எழக்கூடும் என்பதால் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, ஊசி எத்தனை மணிக்கு என்பதை எழுதிக் கொடுங்கள். பொட்டலத்தின் உறையை எறிந்துவிடாமல் கொண்டுபோங்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், பயன்படுத்திய ஊசிக்கு மாற்றாகப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். வான் ரீனன் கணவாயைக் கடந்து வீடு திரும்பும் நெடும்பயணத்தில், அடுத்த மருத்துவமனை எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடங்களில், அந்தப் பை காலியாக இருக்கக் கூடாது.