கிளையண்ட்டுக்கு வீடு காட்டப் போறீங்களா? டிரஸ்ஸை கால்ல இருந்து ஆரம்பிங்க

ரியல் எஸ்டேட் வேலைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க முதல்ல கேக்கறது என்ன கலர் போடணும்னுதான். கலர் கடைசி. ஒரே நாள்ல பேங்க்ல லோன் ஆபீஸர் முன்னாடி உக்காரணும், லிஃப்ட் வராத கட்டடத்துல மாடி ஏறணும், காலி மனையில முள்ளுக்குள்ள நடந்து எல்லைக்கல்லைக் காட்டணும், இது எல்லாத்துக்கும் ஒரே டிரஸ்தான்.

ஸ்டெப் 1: ஷூ. முன்பக்கம் மூடின, ஹீல் இல்லாத லோஃபர். லேஸ் வேணவே வேணாம். ஆள் குடியிருக்கற வீட்ல வாசல்லயே கழட்டச் சொல்லுவாங்க, நீங்க குனிஞ்சு முடிச்சை அவுக்கறதுக்குள்ள கிளையண்ட் உள்ள போய் ஓனர்கிட்ட நேரா விலை பேச ஆரம்பிச்சிடுவார். வேலை நடக்கற சைட்டுக்கு லோஃபர் பத்தாது, ஆணியும் கம்பித்துண்டும் கிடக்கும், தடிமனான சோல் வெச்ச ஷூ ஒண்ணு வண்டியிலயே இருக்கட்டும். அங்க போறப்ப முடியைப் பின்கழுத்துல தாழ்வா கட்டுங்க, உச்சிக்கொண்டை போட்டா ஹெல்மெட் உக்காராது.

ஸ்டெப் 2: துணி. லினன் கார்ல ஏறி இறங்கினாலே கசங்கிடும், லைட் கிரேல வேர்வை அப்படியே தெரியும். காட்டன் கலந்த துணி, நேவி ப்ளூ, என் சாய்ஸ் அதுதான்.

ஸ்டெப் 3: இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காருங்க, அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்குங்க, அப்படியே முன்னாடி குனிங்க. சிங்க்குக்கு அடியில பைப் ஒழுகுதான்னு பாக்கறப்பவும், பரண் கதவைத் திறக்கறப்பவும், அளக்கற டேப் புடிக்கறப்பவும் இதையேதான் செய்யப்போறீங்க. கழுத்து தொங்கினாலோ இடுப்புல ஏறினாலோ அந்த டிரஸ் எவ்வளவு அழகா இருந்தாலும் வீட்டு விசேஷத்துக்கு வெச்சுக்கோங்க, ஏன்னா கை சட்டையை இழுத்து விட்டுட்டே இருந்தா கவனம் வீட்டு மேல இருக்காது.

ஸ்டெப் 4: பாக்கெட். நிஜமான, ஆழமான பாக்கெட். போனும் சாவியும் அதுலதான். பேக்கை கிச்சன் மேடையில வெச்சிட்டு முன்னப்பின்ன தெரியாத ஆளோட பெட்ரூமுக்குள்ள போறப்ப போன் பேக்ல இருக்கவே கூடாது. அவரை முன்னாடி விட்டு நீங்க கதவுகிட்ட நில்லுங்க.

சென்ட் வேணாம். வாங்கறவங்க ஈரவாடை அடிக்குதான்னு மோந்து பாப்பாங்க, பின்னாடி நீர்க்கசிவு தெரிஞ்சா மறைக்கத்தான் அடிச்சீங்கன்னு நினைப்பாங்க.

அப்டேட்: பெரிய பட்ஜெட் கிளையண்ட்னா கிராண்டா போகணுமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதே டிரஸ் மேல நல்ல ஃபிட்டிங்ல ஒரு கோட் போதும். ஹீல்ஸ் மட்டும் அங்கயும் வேணாம், மரத்தரையில கூர்மையான ஹீல் பட்டா பள்ளம் விழுந்துடும், ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.