ஜுராசிக் பாறையின் வயதைச் சிப்பிகளை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜுராசிக் அடுக்கு என்றாலே எல்லோரும் முதலில் அம்மோனைட்டைத்தான் தேடுவார்கள், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன ஒரு கடல் உயிரினத்தின் புதைபடிவத்தை. நியாயம்தான், அந்த அளவுக்குத் துல்லியமாக வயது சொல்வது வேறு எதுவும் இல்லை. ஆனால் அம்மோனைட் கிடைக்காத அடுக்குகளும் நிறைய இருக்கின்றன, குறிப்பாகக் கரையோரத்தில் படிந்த மணற்கற்களில் சிப்பி மட்டும் குவியலாகக் கிடக்கும். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். சுமார் 20.1 கோடி ஆண்டு முதல் 14.3 கோடி ஆண்டு முன்புவரை படிந்த ஜுராசிக் வரிசை அங்கே கடலோரப் பாறைச் சுவர்களில் பெரும்பாலும் வெளியே தெரிகிறது.

முதலில் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக அளந்து எண்ணிடுங்கள். எந்தச் சிப்பி எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அங்கேயே பையில் எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தச் சிப்பி வயது கணிக்க உதவாது. கீழே உதிர்ந்து கிடப்பவை அழகாக இருந்தாலும் தனியாக வையுங்கள். பாறைச் சுவருக்கு அடியில் நிற்க வேண்டாம், அங்கே சரிவு அடிக்கடி நடக்கும்.

அடுத்து, ஓடு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சிப்பியின் இரண்டு ஓடுகளும் மூடியபடி சேர்ந்தே இருந்தால் அது பெரும்பாலும் வாழ்ந்த இடத்திலேயே புதைந்திருக்கிறது. தேய்ந்து, உருண்டு, ஒற்றை ஓடாக இருந்தால் பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்ததாக இருக்கலாம். கிரைஃபியா என்ற சிப்பியின் தடித்த ஓடு இந்த விஷயத்தில் நன்றாக ஏமாற்றும், பனியுகச் சரளைக்கற்களில்கூட அது உடையாமல் கிடக்கிறது.

இனி அடையாளம் காண்பது. கிரைஃபியாவின் இடது ஓடு கனமாக உள்நோக்கிச் சுருண்டிருக்கும், வலது ஓடு தட்டையாக ஒரு மூடி போல அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்தின் கீழ் ஜுராசிக்கில், அதாவது ஜுராசிக்கின் முதல் பகுதியில், அடியில் கிடைப்பது லியோஸ்ட்ரியா என்ற தட்டையான சிப்பி. அதற்கு மேலே குறுகலாக, நன்றாகச் சுருண்ட கிரைஃபியா ஆர்குவாட்டா வரும். பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், விரலால் தடவினாலே தெரியும். இன்னும் மேலே போனால் அகலமான, சுருள் குறைந்த கிரைஃபியா ஜைஜான்டியா. அதற்கும் மேலே, ஆக்ஸ்ஃபோர்டு களிமண் என்ற அடுக்கின் மேற்பகுதியில் உள்ளங்கையை நிறைக்கும் கிரைஃபியா டைலட்டேட்டா. அதற்கும் மேலே உள்ள கிம்மரிட்ஜ் களிமண் என்ற அடுக்குக்கு வந்தால் மெல்லிய வரிகள் கொண்ட குட்டி நானோகைரா விர்குலா. குஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் ஒன்றை மட்டும் எடுத்து முடிவு செய்யாதீர்கள், வளர்ந்தவை பலவற்றை ஒப்பிடுங்கள்.

கிரைஃபியாவின் ஓடு கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது, அதனால் நிலைக்கிறது. டிரைகோனியா என்ற சிப்பி வகைகளின் ஓடு அராகொனைட் என்ற வேறொரு கனிமம், பல பாறைகளில் அது கரைந்துபோய் வெறும் அச்சுதான் மிஞ்சும். வெளி அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்தால் ஓட்டின் மேலிருந்த முடிச்சு வரிசைகள் அப்படியே வந்துவிடும், இனத்தைப் பிரிக்க அவைதான் முக்கியம்.

இப்போது முக்கியமான வேலை. ஒரு சிப்பியிடம் வயது கேட்காதீர்கள், ஒரே அடுக்கில் கிடைத்த எல்லாவற்றிடமும் கேளுங்கள். ஒவ்வொரு இனமும் ஜுராசிக்கின் எந்தக் கட்டத்தில் தோன்றி எந்தக் கட்டத்தில் மறைந்தது என்று தாளில் கோடுகளாகப் போடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம்தான் உங்கள் விடை. உதாரணமாக ஆக்சிடோமா, கார்டினியா, கிரைஃபியா ஆர்குவாட்டா என்ற மூன்று சிப்பிகளும் சேர்ந்து கிடைத்தால், ஆக்சிடோமா ஜுராசிக்கில் வெகு காலம் இருந்ததால் அதனால் பயனில்லை. கார்டினியா கீழ் ஜுராசிக் என்று சுருக்கும். ஆர்குவாட்டா அதை ஜுராசிக்கின் முதல் கட்டமான ஹெட்டாஞ்சியனின் கடைசி அல்லது அடுத்த கட்டமான சினமூரியன் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஒரு இனம் இல்லை என்பதற்கு அதிக அர்த்தம் கொடுக்காதீர்கள். சிப்பிகள் கடலடித் தரையை நம்பி வாழ்பவை, சேறு மணலாக மாறினாலே காணாமல் போகும். அதேபோல் டார்செட் பட்டியலைத் தூக்கிக்கொண்டு குஜராத்தின் கட்ச்சுக்குப் போக முடியாது. அங்கே ஜுராசிக்கின் கடைசிக் கட்டமான டித்தோனியனுக்கு இன்டோடிரைகோனியா ஸ்மீயை போன்ற உள்ளூர் இனங்களைத்தான் பார்க்க வேண்டும். வட சைபீரியாவிலிருந்து கலிஃபோர்னியாவரை மேல் ஜுராசிக்கில் பூக்கியா என்ற சிப்பி இருக்கிறது, வேகமாக மாறி வெகுதூரம் பரவியதால் அதன் இனங்களை வைத்தே தனி மண்டலங்கள், அதாவது சிறு காலப் பிரிவுகள், வகுத்திருக்கிறார்கள், அங்கே சிப்பியே அம்மோனைட்டின் வேலையைச் செய்கிறது.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க அரியலூர் போதும். அங்கே கல்லன்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா போன்ற சிப்பிகள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன, ஆனால் அவை ஜுராசிக்குக்கு அடுத்த காலமான கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. சுருண்ட ஓடு என்பது ஒருமுறை மட்டும் உருவான வடிவம் இல்லை.

வசதி இருந்தால் நல்ல கால்சைட் ஓடு ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுத்து ஸ்ட்ரோன்சியம் ஐசோடோப்பு விகிதம் (ஓட்டில் உள்ள ஸ்ட்ரோன்சியம் தனிமத்தின் இரு வகை அணுக்களின் விகிதம்) பார்க்கலாம். கடல்நீரில் அந்த விகிதம் ஜுராசிக்கில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது, ஒரே மதிப்பு இரண்டு வயதுக்குப் பொருந்தக்கூடும், எந்த வயது சரி என்று பிரிக்க உங்கள் சிப்பிப் பட்டியல்தான் உதவும்.

முடிவை எழுதும்போது முதலில் கட்டத்தின் பெயரை எழுதுங்கள். சினமூரியன் என்றால் இன்றைய கணக்கில் 19.95 கோடி முதல் 19.29 கோடி ஆண்டுகள்; பன்னாட்டு நிலவியல் கால அட்டவணை திருத்தப்பட்டால் இந்த எண்கள் மாறலாம், அதனால் எந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.