காட்டில் காசில்லாமல் ஒரு ராத்திரி: அமெரிக்க நேஷனல் ஃபாரஸ்ட்டில் கூடாரத்துக்கு இடம் பிடிப்பது எப்படி?

மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் போகலாமா என்று மே மாத முதல் வாரத்தில் யோசிக்கத் தொடங்கினால், காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்குக்குள் இருக்கும் மாதர் கேம்ப்கிரவுண்டில் 300க்கும் மேல் இடங்கள் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். பார்க் வாசலில் இருக்கும் துசயான் ஊரில் அந்த வாரம் ஓட்டல் வாடகையைப் பார்த்தால், போட்டோவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அதே துசயானிலிருந்து கொஞ்சம் தெற்கே வந்து, கிழக்கே பிரியும் 302 என்ற மண்சாலையில் திரும்பினால் கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட். அங்கே பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தூங்கலாம். முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்பார்கள். கழிப்பறை, குழாய், குப்பைத் தொட்டி, மேசை எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் நாமே கொண்டுபோய், நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

"போலீஸ் வந்து எழுப்பாதா?" என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வழக்கு. இங்கே நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. பார்க் உள்துறையின் கீழ் வருகிறது, அங்கே குறித்த இடத்தில்தான் தங்க முடியும். ஃபாரஸ்ட், விவசாயத் துறையின் கீழ் இருக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸின் கையில் இருக்கிறது. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, வேட்டை, கேம்பிங் எல்லாம் அதற்குள் அடக்கம். நாடு முழுக்க 154 காடுகள், புல்வெளிகளையும் சேர்த்தால் 19 கோடி ஏக்கருக்கு மேல். தடை இல்லாத இடத்தில் தங்குவது சட்டப்படியே சரி.

நான் முதல் தடவை போனபோது செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியில் யாரோ குத்தி வைத்திருந்த புள்ளியை நம்பி, இரவு ஒன்பதரை மணிக்கு மழை பெய்து ஊறிய மண்சாலையில் செடான் காரை விட்டேன். புள்ளி இருந்த இடத்தில் ஏற்கெனவே இரண்டு டிரெய்லர்கள். திருப்ப இடமில்லை. ஒன்றரை மைல் தூரம் பின்னோக்கியே ஓட்டினேன், என் மனைவி டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த ராத்திரி பெட்ரோல் பங்க் வாசலில் காரிலேயே கழிந்தது. அன்று புரிந்ததுதான் இந்தப் பதிவு முழுக்க: தேட வேண்டியது இடத்தை இல்லை, சாலையை. நல்ல சாலை கிடைத்துவிட்டால் அதன் ஓரத்தில் ஒன்றில்லாவிட்டால் இன்னொரு இடம் இருக்கும். ஒரே ஒரு இடத்தை நம்பிப் போனால் என் கதைதான்.

படி 1: காட்டைத் தேர்ந்தெடுங்கள்

கூகுள் மேப்பில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நேஷனல் ஃபாரஸ்ட் இல்லை. பார்க்கும் பச்சைதான், மாநில வனமும் பச்சைதான். பெயரில் 'நேஷனல் ஃபாரஸ்ட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்கு மாநிலங்களில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து கிளம்பினால் ஸ்டானிஸ்லாஸ், எல்டோராடோ. சியாட்டிலிலிருந்து ஒகனோகன்-வெனாச்சி. கிழக்கே போகப் போகக் குறையும். நியூ ஜெர்சியில் ஒன்றுகூட இல்லை. அங்கிருப்பவர்கள் வர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் காட்டுக்கோ நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டனுக்கோ, இப்படி வேறு மாநிலக் காட்டுக்குத்தான் போக வேண்டும். டெக்சாஸில் நான்கு உண்டு. ஹூஸ்டன்காரர்களுக்குப் பக்கத்தில் சாம் ஹூஸ்டன். ஆனால் அங்கே மான் வேட்டைக் காலத்தில் குறித்த முகாம்களில் மட்டுமே தங்க விடுவார்கள்.

படி 2: அந்தக் காட்டின் விதியைப் படியுங்கள்

ஒவ்வொரு காட்டுக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ் தளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் 'அலர்ட்ஸ்' பகுதியை முதலில் திறங்கள். சாலை மூடல், தீத் தடை, தங்கத் தடை எல்லாம் அங்கேதான் வரும். தங்கும் நாட்களுக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலும் 14 நாள், சில காடுகளில் அதற்கும் குறைவு. வார இறுதிக்குப் போகும் நமக்கு அது பிரச்சினையே இல்லை.

பழைய பதிவுகளை நம்பி ஏமாற வேண்டாம். அரிசோனாவின் சிடோனா ஊருக்கு மேற்கே 525ஆம் எண் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் நினைத்த இடத்தில் தங்கலாம். கூட்டமும் குப்பையும் தாங்காமல், இப்போது குறித்த இடங்களில் மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் பழைய தகவல் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கும்.

படி 3: எம்.வி.யு.எம். வரைபடம்

இந்த விஷயத்தில் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்பதன் சுருக்கம் எம்.வி.யு.எம். வண்டி எந்தச் சாலையில், எந்த மாதங்களில் போகலாம் என்பதைச் சட்டப்படி சொல்லும் வரைபடம். 2005இல் வந்த விதியால் இது பிறந்தது. இலவசம். ரேஞ்சர் அலுவலகத்தில் காகிதமாகக் கிடைக்கும். அவென்சா மேப்ஸ் செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் புள்ளி அதன் மேல் தெரியும். நான் இரண்டும் வைத்திருப்பேன்.

முதல் பார்வைக்குக் கண்ணைக் கட்டும். கறுப்பு வெள்ளையில், மலையும் ஆறும் அழகாக எதுவும் இல்லாமல், நம்மூர் நில அளவைப் படமான பழைய எஃப்.எம்.பி. போல இருக்கும். பயப்படாமல் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

சாலை எண். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் இருக்கும். வரைபடத்தில் இல்லாத சாலையில் வண்டி விடக்கூடாது. நேரில் சாலை தெரிகிறதே, தடுப்புப் பலகை இல்லையே என்று வாதாட முடியாது. தெரிந்துகொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு.

சாலையோரப் புள்ளிகள். சில சாலைகளின் இருபுறமும் வரிசையாகப் புள்ளி வைத்திருப்பார்கள். தங்குவதற்காக வண்டியைச் சாலையைவிட்டுக் குறிப்பிட்ட தூரம் உள்ளே கொண்டுபோகலாம் என்று அதற்குப் பொருள். நமக்கு வேண்டியது இதுதான்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பது. காட்டுக்குக் காடு மாறும். அரிசோனாவின் கோகொனினோ காட்டில் பொதுவாக 30 அடி, புள்ளியிட்ட சாலைகளில் 300 அடி. வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடப்பதை இது தடுப்பதில்லை.

பருவ அட்டவணை. வரைபடத்தின் ஓரத்தில் எந்தச் சாலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை திறந்திருக்கும் என்று பொடி எழுத்தில் இருக்கும். மலைக்காடுகளில் பல சாலைகள் பனி முடியும்வரை மூடியே இருக்கும்.

இந்த வரைபடம் சொல்லாத ஒன்றும் உண்டு: சாலையின் தரம். போகலாம் என்றால் அனுமதி உண்டு என்பது மட்டும்தான். உங்கள் கார் போகுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நேரில் ஒரு குறிப்பு இருக்கிறது. சாலை முனையில் எண் குறுக்குவாட்டில் எழுதியிருந்தால் சாதாரண கார் போகும்படி பராமரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒல்லியான கம்பத்தில் எண் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால், தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிக்கான சாலை. செடான் வைத்திருப்பவர்கள் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை ஒரு தடவை படியுங்கள். மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிச் செலவு முழுக்க நம் தலையில்.

படி 4: மேலேயிருந்து ஒரு பார்வை

புள்ளியிட்ட சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இப்போது கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டு அதே சாலையை விரலால் பின்தொடருங்கள். சாலையிலிருந்து குட்டையாக ஒரு கிளை பிரிந்து, மரத்தடியில் வெளுப்பாக ஒரு திட்டில் முடிகிறதா? பல வருடமாக வண்டி நின்று புல் தேய்ந்த இடம் அது. அப்படி ஐந்தாறு திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது என்று என் அனுபவம் சொல்லிவிட்டது.

இதற்குப் பிறகு ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம், தி டர்ட் மாதிரியான செயலிகளைத் திறக்கலாம். 'போன வாரம் சேறு', 'துப்பாக்கி சுடும் சத்தம்' என்று சமீபத்தில் போனவர்கள் எழுதியிருப்பது உதவும். இடத்தை அங்கே தேடாமல், நாம் பார்த்து வைத்ததைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

காட்டுக்கு நடுவே தனியார் நிலமும் திட்டுத் திட்டாக இருக்கும். 'நோ டிரெஸ்பாசிங்' பலகை இருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள், அந்தப் பலகையை மாட்டியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு.

படி 5: ரேஞ்சருக்கு ஒரு போன்

இதை யாரும் செய்வதில்லை. எனக்கு இதில்தான் அதிகப் பலன் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு காடும் பல ரேஞ்சர் டிஸ்ட்ரிக்டாகப் பிரிந்திருக்கும். உங்கள் சாலை எதில் வருகிறதோ அந்த அலுவலகத்துக்கு வாரநாளில் கூப்பிடுங்கள். மூன்றே கேள்வி: இந்த எண் சாலையில் சாதாரண கார் போகுமா? தீத் தடை எந்தக் கட்டம்? வேறு தடை ஏதாவது உண்டா? உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊர்ப் பெயர் தெரியாவிட்டாலும் எண்ணைச் சொன்னால் போதும்.

படி 6: வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள்

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது அங்கே இருங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் இது நடக்காது. அரை நாள் லீவு போடுங்கள், அல்லது முதல் ராத்திரிக்குப் பணம் கட்டி ஒரு கேம்ப்கிரவுண்டில் தங்கிவிடுங்கள். துசயான் பக்கம் என்றால் கைபாப் காட்டுக்குள்ளேயே டென்-எக்ஸ் என்று கட்டணம் வாங்கும் கேம்ப்கிரவுண்ட் ஒன்று இருக்கிறது. இரண்டாம் திட்டமாக அதையும் குறித்து வையுங்கள்.

இடத்தைப் பார்க்கும்போது, ஏற்கெனவே ஆட்கள் தங்கிய வெற்றுத் தரையையே எடுங்கள், புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்க வேண்டாம். அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரமோ முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால் அடுத்த திட்டுக்குப் போய்விடுங்கள். நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளியிருக்க வேண்டும், பெரியவர் நடையில் சுமார் எழுபது தப்படி. அரிசோனாவில் வறண்ட ஓடையின் மணல் படுக்கை மெத்தை மாதிரி அழைக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை அங்கே மழைக்காலம். பத்து மைல் தள்ளிப் பெய்த மழை அந்த ஓடையில் வரும், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கும்போதே.

துசயான் 6,600 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் வேர்த்தாலும் ராத்திரி ஸ்வெட்டர் தேடுவீர்கள்.

படி 7: தீ, தண்ணீர், மற்றது

மே, ஜூன் அரிசோனாவில் காடு காய்ந்து கிடக்கும் காலம். தீத் தடையின் முதல் கட்டம் வந்தாலே, கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே விறகும் கரியும் எரிக்கக்கூடாது. நாம் தங்கும் இடம் எல்லாமே 'வெளியே'தான். திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு. கலிபோர்னியாவில் கேஸ் அடுப்புக்கும்கூட கேம்ப்ஃபயர் பர்மிட் வேண்டும். ஆன்லைனில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இலவசமாகத் தருவார்கள். தடை இல்லாத காலத்தில் நெருப்பு மூட்டினால், தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். சாம்பார் பாத்திரம் கழுவ அது போதாது. அதனால் எங்கள் வீட்டில் முதல் ராத்திரிக்குப் புளியோதரைதான்: பாத்திரமும் மிச்சம், அடுப்பும் மிச்சம்.

கழிப்பறை விஷயத்தில் வெட்கப்பட்டுப் பயனில்லை. ஒரு சின்ன மண்வெட்டி வேண்டும். நீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்தில் குழி. முடிந்ததும் மூடிவிடுங்கள். காகிதத்தை ஜிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். மிக்சர் பாக்கெட்டும் சாப்பாடுதான், டூத்பேஸ்டும் அந்தக் கணக்கில் சேரும். சியெரா நெவாடா, யெல்லோஸ்டோனைச் சுற்றிய காடுகள் போன்ற கரடிப் பகுதிகளில் உணவை எப்படி வைக்க வேண்டும் என்று தனி உத்தரவே இருக்கும். சில இடங்களில் கரடி திறக்க முடியாத டப்பா கட்டாயம். ரேஞ்சருக்குப் போன் செய்யும்போது நான்காவது கேள்வியாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் போவதற்கு முன்பே சாலை எண்ணையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 302இல் திரும்பிய பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தால், அந்த மெசேஜ் மறுநாள் கேன்யனைப் பார்த்துவிட்டு வரும்போதுதான் போய்ச் சேரும்.