பூர்வகுடி மக்களோடு பணியாற்றும் அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல அமைப்புகள் பூர்வகுடி மக்களை எப்போது அழைக்கின்றன தெரியுமா? திட்டம் தீட்டி, நிதி வாங்கி, தொடக்க விழாவுக்குத் தேதியும் குறித்த பிறகு. "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று அப்போது கேட்டால், அவர்கள் மாற்றுவதற்கு அழைப்பிதழின் நிறத்தைத் தவிர என்ன இருக்கும்? என்னைக் கேட்டால், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஐ.நா. பொதுச்சபை 2007-ல் ஏற்ற பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம், அவர்களுடைய நிலத்தைப் பாதிக்கும் எந்தத் திட்டத்துக்கும் முன்கூட்டியே, வற்புறுத்தாமல், முழு விவரமும் சொல்லி ஒப்புதல் நாட வேண்டும் என்கிறது. அது அரசுகளுக்குச் சொன்னது. ஆனால் பத்துப் பேர் கொண்ட அமைப்புக்கும் அதுவே நல்ல அளவுகோல். 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடம் வைக்காமல் கேட்பது ஒப்புதல் கேட்பதாகாது.

ஒருமுறை வாங்கிய ஒப்புதலை எல்லாவற்றுக்கும் நீட்டுவது இன்னொரு தவறு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்கள், தங்களிடையே பரவிய நீரிழிவு நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பி 1990-களில் ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த மாதிரிகள் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போயின. அவர்கள் தொடுத்த வழக்கு 2010-ல் சமரசமானது: 7 லட்சம் டாலர் இழப்பீடு, மிஞ்சிய ரத்த மாதிரிகளும் திரும்பின. நாம் ரத்தம் எடுப்பதில்லை, சரி. ஆனால் கூட்டத்தில் எடுத்த படத்தையும், பாட்டி சொன்ன கதையையும் அடுத்த ஆண்டு நன்கொடை விளம்பரத்தில் போடுகிறோமே, அதற்குக் கேட்டோமா?

அப்புறம், எல்லோரையும் ஒன்றாகக் கட்டுவது. கனடாவில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மேட்டி, இனுயிட் என்பவர்கள் தனித்தனி பூர்வகுடி மக்கள். ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகங்கள் பலவற்றில் மூத்தவரிடம் உதவி கேட்கும்போது புகையிலை கொடுப்பது மரியாதை. இனுயிட் மூத்தவரிடம் நீட்டினால், அது அவர்கள் மரபே இல்லை. ஆஸ்திரேலியாவில் நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஒரு மண்ணுக்கு உங்களை வரவேற்கும் உரிமை அந்த மண்ணின் மரபு உரிமையாளர்களான பூர்வகுடிகளுக்குத்தான். வேறு பகுதிக்காரரை மேடையேற்றினால் சங்கடம் அவருக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாகப் பணம். ஆலோசகருக்கு ரசீது போட்டுக் கொடுப்பவர்கள் மூத்தவருக்குப் பொன்னாடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய நேரத்துக்கும் பயணத்துக்கும் திட்டச் செலவில் முதலிலேயே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.