அடை முட்டையைச் சுத்தம் செய்வது: தண்ணீரின் சூட்டைக் கவனியுங்கள்

அழுக்கு முட்டையைப் பார்த்ததும் கை தானாகக் குழாயைத் திறக்கப் போகும். அடைக்கு வைக்கிற முட்டைக்கு அதை மட்டும் செய்யாதீர்கள். பச்சைத்தண்ணீரில் கழுவினால், ஓட்டின் மேலிருக்கும் கிருமியை நாமே உள்ளே அனுப்பிவைக்கிறோம்.

கோழி இடும்போது முட்டையின் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஆற ஆற உள்ளிருப்பது சுருங்கி, அகன்ற முனையில் காற்றறை உண்டாகிறது. அந்தக் காற்று ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே வருகிறது. குளிர்கிற முட்டை வெளியிலிருப்பதை உறிஞ்சும். ஓட்டின் மேல் ஈரமும் எச்சமும் இருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். சூடேறுகிற முட்டை உறிஞ்சாது.

பொறுக்கி எடுப்பது

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை முட்டை எடுங்கள்; கூட்டில் காய்ந்த படுக்கை போடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சுத்தமாக இருக்கும் முட்டையைத் தொடவே வேண்டாம். அதன் மேல் இயற்கையான மெல்லிய பூச்சு ஒன்று துளைகளை அடைத்துக் காவல் காக்கிறது. கழுவினாலும் தேய்த்தாலும் முதலில் போவது அதுதான். கீறல் விழுந்தவை, பாதி ஓட்டுக்கு மேல் எச்சம் அப்பியவை சமையலுக்கும் வேண்டாம், அடைக்கும் வேண்டாம்.

உலர் சுத்தம்

காய்ந்த எச்சம் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்றால் நகத்தால் சுரண்டுங்கள். வரவில்லையென்றால் கிரிட் எண் 220-க்குக் குறையாத நைசான உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். ஓடு முழுக்க மெருகேற்ற வேண்டாம். தாளில் அழுக்கு ஏறியதும் மாற்றிவிடுங்கள். ஈரத்துணியால் துடைப்பதுதான் மிக மோசமான வழி: ஒரு முட்டையின் அழுக்கைப் பத்து முட்டைக்குப் பூசி, துளைக்குள் அழுத்தியும் விடுகிறது.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால்

வாத்து முட்டையில் இது அடிக்கடி வரும். தண்ணீர் முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி சூடாக இருக்க வேண்டும். 43 முதல் 46 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். 49-ஐத் தாண்ட வேண்டாம். விரல் வைத்துப் பார்த்துச் சூட்டைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பலருக்கும் சறுக்குகிற இடம் இதுதான். தண்ணீர் தொடங்கும்போது 45-ல் இருக்கும். பத்து முட்டை போவதற்குள் 38-க்கு இறங்கிவிடும். வெயில் நாளில் முட்டையே 33 டிகிரியில் இருந்தால் 38 டிகிரித் தண்ணீர் போதவே போதாது. அதனால் முட்டைகளை முதலில் வீட்டின் குளிர்ந்த அறையில் சில மணி நேரம் வையுங்கள். சின்னக் கிண்ணம் வேண்டாம், 5 லிட்டர் வாளி எடுங்கள். பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். வாளித் தண்ணீர் 43-க்கு இறங்கினாலோ கலங்கினாலோ மாற்றிவிடுங்கள்.

முட்டையை ஊறப்போடாதீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, மேலே ஊற்றி, விரலால் தடவி, ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். கடைசி அலசலுக்குக் கழுவிய தண்ணீரைவிட ஓரிரு டிகிரி கூடுதல் சூடு இருக்கட்டும். கிருமிநாசினி சேர்ப்பது அதில்தான், இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும்:

- 5% பிளீச் திரவம்: லிட்டருக்கு 2 மி.லி. (100 பி.பி.எம். குளோரின், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு)
- 10% பென்சால்கோனியம் குளோரைடு: லிட்டருக்கு 2 மி.லி. (200 பி.பி.எம்.). புட்டியில் 50% என்று இருந்தால் 0.4 மி.லி. போதும், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

துடைக்காமல், கூர்முனை கீழாகத் தட்டில் அடுக்கிக் காயவிடுங்கள். மின்விசிறி வேண்டாம். ஈர ஓடு சட்டென்று குளிர்ந்தால் இவ்வளவு நேரம் தவிர்த்த உறிஞ்சல் அங்கே நடந்துவிடும். பூச்சு போன முட்டை சேமிப்புக்குத் தாங்காது, அன்றைக்கே அடைக்கு வையுங்கள்.

கழுவாத முட்டைகளில் கிருமியைக் கொல்ல நான் சொல்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. 6% புட்டியில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்தால் 1.5% ஆகும். பனி படிந்த மாதிரி தெளித்தால் போதும், சொட்டக் கூடாது. ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) புகை பெரிய பொரிப்பகங்களின் வேலை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தவிர, அடைக்கு வைத்த 24 மணியிலிருந்து 96 மணி நேரம் வரை கருவுக்கும் ஆபத்து. வீட்டில் வேண்டாம்.

இன்குபேட்டருக்குள் போன பிறகு

கழுவுவதும் இல்லை, கிருமிநாசினி தெளிப்பதும் இல்லை. இனி வேலை மூக்குக்கும் கண்ணுக்கும்தான். 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். கருவில்லாதது, ரத்த வளையம் தெரிவது (கரு இறந்ததன் அடையாளம்) எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஓட்டின் மேல் தேன் நிறத்தில் வியர்வை மாதிரி முத்து முத்தாகக் கசிந்திருந்தால் அது கூமுட்டை. உள்ளே வாயு கட்டியிருக்கும், அதிர்ந்தால் வெடிக்கும். கையுறையோடு மெதுவாக எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள்.

வெடித்தேவிட்டால், அது தெறித்த முட்டைகளைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். மிச்சத்தை 45 டிகிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த புதுத் துண்டால், முட்டைக்கு ஒரு துண்டு வீதம் துடைத்து உடனே உள்ளே வையுங்கள். அவற்றில் சில பின்னால் கெடும். தினமும் முகர்ந்து பாருங்கள்.

கருத்துகளில் வந்தவற்றுக்காகப் பிறகு சேர்த்தது

சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பென்சால்கோனியத்தில் அலசினால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். நடுவில் வெறும் வெந்நீரில் ஒரு அலசல் வேண்டும்.

பிளீச்சோடு வினிகர் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஓடுகிற இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டிலும் பிளீச் ஊற்றாதீர்கள், அந்தக் காற்றைத்தான் குஞ்சு சுவாசிக்கிறது. கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீரை மாற்றி ஊற்றினால் போதும்.

குளிர்ந்த இடத்தில் சேமித்த முட்டையை நேரே இன்குபேட்டரில் வைத்து, ஓடு வியர்த்துப்போனதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த ஈரமும் கிருமிக்கு வழிதான். 6 மணி நேரமாவது அறைச் சூட்டில் வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

பொரித்து முடிந்ததும் இன்குபேட்டரில் கிடக்கும் பஞ்சுபோன்ற தூவியை உலர்வாகத் தட்டினால் கிருமி அறை முழுக்கப் பறக்கும். முதலில் லேசாக நனைத்து அள்ளுங்கள். பிறகு சோப்பு, அலசல், உலர்த்தல், கடைசியில் கிருமிநாசினி. அழுக்கு இருக்கும்போதே பிளீச் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும். அடுத்த முட்டை வைக்குமுன் காலியாக 24 மணி நேரம் ஓடவிட்டு, 37.5 டிகிரியில் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.